பதிலை வரவழைக்கும் கேள்வி



2020 செப்டம்பர். கொரோனாவுக்கு நடுவே நாடாளுமன்றம் கூடியது. கேள்வி நேரம் கிடையாது, எழுத்துபூர்வமான பதில் மட்டும் உண்டு என்று அறிவித்தார்கள். ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, 14ஆம் தேதி மக்களவையில் தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில்: அத்தகைய புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை. அதே வாரம் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகம் ஒரு கணக்கைக் கொடுத்தது. அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் வந்தவர்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 87 பேரின் உடல்களைப் போலீசார் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அரசு ஒன்றுதான். ஆனால் முதல் கேள்வி நாடு முழுவதையும் வளைத்தது. இரண்டாவது ரயில் பெட்டிக்குள் நின்றது. ரயிலில் ஒருவர் இறந்தால் போலீஸ் பதிவு உண்டு, அந்தக் காகிதத்தை மறைக்க முடியாது. காகிதம் இருக்கும் இடம் பார்த்துக் கேட்பதுதான் உறுப்பினரின் சாமர்த்தியம்.

அடுத்த ஆண்டு ஜூலையில் இன்னொரு பதில் வந்தது. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்னது. சிலிண்டருக்கு அலைந்த குடும்பங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! ஆனாலும் அந்த வாக்கியம் அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. யார் கணக்குக் கொடுக்கவில்லை என்று மாநிலங்களை நோக்கித் திரும்பிக் கேட்க அதுவே பிடி கொடுத்தது.

சாதாரண நாட்களில் மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய, நட்சத்திரக் குறியிட்டவை 20. குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். இருபதும் எடுத்து முடிவது அபூர்வம். அமைச்சருக்கு வேர்ப்பது, அவர் பதிலைத் தொடர்ந்து உறுப்பினர் எழுப்பும் துணைக் கேள்வியில்தான். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதில் அங்கே தீர்ந்துவிடும். அவையில் எழும் குரல் அமைச்சர் பதவியையே அசைத்ததும் உண்டு: எல்.ஐ.சி. பணத்தைத் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போட்ட விவகாரத்தை 1957இல் ஆளுங்கட்சிக்காரரான பெரோஸ் காந்தியே கிளப்பினார். மறு ஆண்டு நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வியை விற்றவர்களும் உண்டு: காசு வாங்கிக் கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலைக் கேட்டுச் சிரிக்கிறோம். அதுவும் வாக்குறுதிதான். மக்களவையில் அமைச்சர் தந்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கெடு நீண்டுகொண்டே போவது வேறு கதை.

பட்டதாரிகளே, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் அரசுப் பள்ளியும் மாநிலத்தின் பொறுப்பு, அவற்றுக்கு எம்.எல்.ஏ.விடம் போங்கள். ரயில், அஞ்சலகம், கேந்திரிய வித்யாலயா என்றால் எம்.பி.யிடம். ‘மருத்துவ வசதி சரியில்லை’ என்று மனு எழுதாதீர்கள். இந்த நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி என்று எழுதுங்கள். அதை அப்படியே அவையில் கேட்கச் சொல்லுங்கள்.