தாழ்வாரத்தில் நின்றவள்

(மாலைப் பள்ளி ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களே,

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'பள்ளியும் பெற்றோரும்'. நான் கல்வியாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன், பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர். எங்கம்மாவை வைத்துத்தான் இதைப் பேச முடியும்.

நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு எங்கம்மா வந்தது ரெண்டே தடவை. முதல் தடவை என்னைச் சேர்க்க. அடுத்தது, நான் ஏழாவதில் தை மாசத்திலிருந்து வராமல் போனதற்கு, ஜூனில் பள்ளி திறந்ததும் கூப்பிட்டனுப்பியபோது. தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லல, அம்மாவும் உட்காரல. ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க ஆளுங்களுக்குப் புள்ளைங்க படிப்புல அக்கறையே கிடையாதா?" அம்மா பதில் சொல்லவில்லை. காட்டின இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பதில் இருந்தது. தை பிறந்தால் எங்க சேரியில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். முன்பணம் வாங்கினவர்கள் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். மழை இறங்குகிறவரை அங்கேதான். முழுப் பரீட்சை அதற்கு நடுவில் வந்து போகும். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் ஏது? நானும் கல் அடுக்கினேன். வருகைப் பதிவேட்டுக்கு 'ஆப்சென்ட்' மட்டும்தான் தெரியும், சூளை தெரியாது. ஏன் வரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆதிதிராவிடர் நல விடுதி என்று ஒன்று இருப்பது பள்ளிக்குத் தெரியும். தெரிந்த ரெண்டு பேரும் நாலடி தூரத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். அப்புறம் எங்க தெருவில் படித்த ஒரு அண்ணன் மனு எழுதிக்கொடுத்துத்தான் நான் விடுதிக்குப் போனேன்.

அக்கறை இல்லையாம். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி மகனுக்குப் புத்தகம் வாங்க, கட்டிக்கொடுத்த மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தவர். இன்றைக்கும் மே, ஜூனில் என் கவுண்டருக்கு முன்னால் அதே வரிசைதான். தோடு, மூக்குத்தி, தாலியில் கோத்த குண்டு. "எதுக்கும்மா கடன்?" என்றால், "மெட்ரிகுலேஷன் ஃபீசு சார்." அரசுப் பள்ளியில் பிள்ளையைக் கக்கூசு கழுவவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு போனவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அவள் கட்டணம் கட்டுகிறவள் மட்டும்தான். இங்கே அவளுக்கு நாற்காலி உண்டு.

2009 கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு கிடையாது. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள்.

எங்க கிளைக்கு வருகிற ஒரு அக்கா அப்படியொரு குழுவில் உறுப்பினர். "கூட்டத்துல என்னக்கா பேசினீங்க?" என்று கேட்டேன். "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன் தம்பி." பணம் எடுக்கிற வெத்துச் சீட்டில் கையெழுத்துப் போடாதீங்க என்று தினமும் கத்துகிறவன் நான். தீர்மானப் புத்தகமும் அப்படித்தான். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் போடுங்கள்.

வாத்தியார்களோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. வீடு தேடிவந்து விடுதிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வாத்தியார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குழுவில் நம்ம ஆள் வேணும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. எழுத்துத் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். ராத்திரி சோறு வைக்கும்போது பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திக்குவது காதுக்குத் தெரியும். தொடர்ந்து திக்கினால் அதைக் கூட்டத்தில் சொல்லுங்கள்: "எம்புள்ள அஞ்சாவது, வாசிக்க வரல." அதைவிடப் பெரிய அறிக்கை எந்த அதிகாரியும் எழுத முடியாது.

சூளைக்குப் போகிற வீடுகளின் கணக்கை மார்கழிக்கு முன்னாலேயே எடுத்து, எத்தனை பிள்ளைக்கு விடுதி வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். கூட்டத்தை வேலைநாளில் வைத்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும். நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், முதல் தீர்மானம் அதுவாகவே இருக்கட்டும். எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ரெண்டாம் சனி, நாலாம் சனி வங்கி விடுமுறை.