ஓடுற தீவைப் பிடிச்சு நிறுத்த முடியுமா?

2022 மே 10ஆம் தேதி எடுத்த ஒரு வீடியோவை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. உயரமான மரக்கால்கள் மேல ஒரு வீடு. அலை வருது, கால் ஒவ்வொண்ணா மடங்குது, வீடு அப்படியே கடல்ல இறங்கி மிதந்து போகுது. எல்லா குரூப்லயும் ஃபார்வர்டு ஆச்சு. "கிளைமேட் சேஞ்ச்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. அது பொய் இல்ல. ஆனா அந்த வீட்டுக்குப் பின்னாடி தொண்ணூறு வருஷக் கதை ஒண்ணு இருக்கு. கடற்கரையைக் காப்பாத்தணும்னு நல்ல மனசோட மணலைக் குவிச்ச கதை. இன்னைக்கு எபிசோடு அதுதான்.

இடம், அமெரிக்காவில வட கரோலைனா. மேப்பைத் திறந்து பாருங்க. கரையை விட்டு ரொம்பத் தள்ளி, கடலுக்குள்ள நூல் மாதிரி ஒரு கோடு தெரியும். அதுக்குப் பேரு அவுட்டர் பேங்க்ஸ். அதுல ஹேட்டரஸ் தீவுல இருக்கிற ரோடந்தி என்கிற ஊர்லதான் அந்த வீடு விழுந்தது. ஒரு பக்கம் அட்லாண்டிக், இன்னொரு பக்கம் பாம்லிகோ சவுண்ட் என்கிற பெரிய காயல். நடுவுல வெறும் மணல். பாறை கிடையாது. சில இடங்கள்ல தீவோட மொத்த அகலமே சில நூறு மீட்டர்தான்.

இந்த மாதிரி தடுப்புத் தீவுகளுக்கு ஒரு குணம் உண்டு. அதுங்க நகரும். பெரிய புயல் வரும்போது அலை தீவைத் தாண்டி அடிக்கும். கடல் பக்கத்து மணலை வாரிக்கிட்டு வந்து காயல் பக்கம் கொட்டும். முன்னாடி குறையும், பின்னாடி கூடும். ஜேசிபியோட சங்கிலிப் பட்டை உருளுது இல்லையா, அதே மாதிரி தீவு கொஞ்சம் கொஞ்சமா நிலப்பக்கமா உருளும். கடல் மட்டம் ஏற ஏற, தீவு மூழ்காம தப்பிச்சது இப்படித்தான். நமக்கு 'அரிப்பு'ன்னு தெரியறது, தீவைப் பொறுத்தவரை பயணம்.

இப்போ 1930கள். பெரும் பொருளாதார மந்தம். வேலை இல்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு ஒரு பெரிய திட்டம் போட்டுது. அவங்களை இந்தத் தீவுகளுக்கும் அனுப்பினாங்க. காத்துல பறக்கிற மணலைப் பிடிக்க வேலி நட்டாங்க. வேலியோட நீளம் மட்டுமே ஏறத்தாழ 30 லட்சம் அடி. வேலி ஓரம் மணல் சேரும், அதுல புல் நடுவாங்க, புல் இன்னும் மணலைப் பிடிக்கும். நம்ம ஊர்க் கடற்கரையில முள்ளு முள்ளா உருண்டு ஓடுற ராவணன் மீசை பார்த்திருக்கீங்களா? அது செய்யற வேலையை அங்கே 'சீ ஓட்ஸ்' மாதிரியான புல் செய்யுது. சில வருஷத்துல தீவு நெடுக ஒரு உயரமான, இடைவெளி இல்லாத மணல்மேடு எழும்பிடுச்சு.

எல்லாருக்கும் சந்தோஷம். மேட்டுக்குப் பின்னாடி பத்திரமா இருக்குன்னு நம்பி, 1950கள்ல ரோடு வந்துச்சு. ஹைவே 12. ரோடு வந்தா என்ன வரும்? வீடு, ஹோட்டல், வாடகை பங்களா.

1970கள் தொடக்கத்துல ராபர்ட் டோலன், பால் காட்ஃப்ரி போன்ற ஆய்வாளர்கள் ஒரு ஒப்பீடு செய்தாங்க. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது. தெற்கே கோர் பேங்க்ஸ்னு இன்னொரு தீவு. அங்கே யாரும் மேடு கட்டல. தாழ்வான மேடுகள்தான், அலை தாராளமா உள்ளே வரும் போகும். பார்த்தா பாவமா இருக்கும். ஆனா அங்கே கடற்கரை அகலமா இருந்தது. புயல் கொட்டின மணலுக்கு அடியில புதைஞ்ச புல், திரும்ப முளைச்சு மேல வந்திருந்தது. மேடு கட்டின ஹேட்டரஸ்லயோ கடற்கரை ஒடுங்கிப் போயிருந்தது. காரணம் எளிமையானது. உயரமான மேடு அலையைத் தடுக்குது. அலை தன்னோட மொத்த பலத்தையும் மேட்டுக்கு முன்னாடியே இறக்கி, அங்கிருக்கிற மணலை அரிக்குது. பின்பக்கம் மணல் போய்ச் சேர வழியில்ல. காயல் பக்கமும் தேயுது. ரெண்டு பக்கமும் தீவு மெலியுது.

1973ல நேஷனல் பார்க் சர்வீஸ், இனிமே மேடுகளைக் கட்டிக் காக்கிறதில்லைன்னு முடிவு பண்ணுச்சு. ஆனா அதுக்குள்ள ரோடு வந்தாச்சு, ஊரும் வந்தாச்சு. ஒவ்வொரு புயலுக்கும் ரோட்டு மேல மணல் ஏறும், புல்டோசர் வந்து தள்ளித் திரும்ப மேடு போடும். இன்னைக்கும் இதுதான் நடக்குது.

இன்னொரு வழி, கடற்கரைக்கு மணல் ஊட்டுறது. ஆழத்துல இருந்து மணலை உறிஞ்சிக் குழாய் வழியா கரைக்குக் கொண்டுவந்து பரப்புவாங்க. ரோடந்திக்குத் தெற்கே இருக்கிற பக்ஸ்டன்ல 2017-18ல சுமார் 20 லட்சம் கன மீட்டர் மணல் கொட்டினாங்க. ஒரு டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர்னு வெச்சா ரெண்டு லட்சம் லோடு. 2022ல மறுபடி கொட்ட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர், அக்டோபர்ல அதே பக்ஸ்டன்ல வீடுகள் வரிசையா விழுந்தது. 'பார்த்தியா, தண்டச் செலவு'ன்னு சொல்றது சுலபம். நான் அப்படிப் பார்க்கல. கொட்டின மணல் கரையப் போறது கொட்டினவங்களுக்கே தெரியும். அவங்க வாங்கினது மணல் இல்ல, சில வருஷ அவகாசம். அந்த அவகாசத்துல என்ன செய்தோம்னுதான் கேட்கணும்.

பதில் அவ்வளவு நல்லா இல்ல. 2020க்கு அப்புறம் ரோடந்தி, பக்ஸ்டன் ரெண்டுலயும் சேர்த்து 20க்கும் மேல வீடுகள் கடல்ல விழுந்திருக்கு. ஏன் முன்னாடியே பிரிச்சு எடுக்கல? அரசு வெள்ளக் காப்பீடு, வீடு விழுந்த பிறகுதான் பணம் தரும், அதிகபட்சம் 2,50,000 டாலர். முன்கூட்டி இடிச்சா அந்தக் காசு கிடையாது. அப்போ ஓனர் என்ன பண்ணுவார்? காத்திருப்பார். விழுந்த வீட்டோட ஆணி, கம்பி, செப்டிக் டேங்க் எல்லாம் மைல் கணக்குல கரையில சிதறும்.

விழுறது பெரும்பாலும் வாடகைக்கு விடற பங்களாதானேன்னு கேட்கலாம். ஆனா அந்த ஒரே ரோட்டை நம்பி, தலைமுறை தலைமுறையா மீன்பிடிச்சு வாழற குடும்பங்களும் இருக்கு. 2003ல இசபெல் புயல் தீவையே ரெண்டா வெட்டினப்போ, ஹேட்டரஸ் கிராமம் தனியா மாட்டிக்கிச்சு. அந்த வெட்டை மணல் போட்டு மூடித்தான் ஊரைத் திரும்ப இணைச்சாங்க. "தீவு நகரட்டும், நீங்க கிளம்புங்க"ன்னு இங்கே சென்னையில உட்கார்ந்து சொல்றது எனக்குக் கூசுது.

ஆனா நகர முடியும்னு அதே தீவு காட்டியிருக்கு. கேப் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கம். 1870ல கட்டினப்போ கடல் 1,500 அடி தூரத்துல இருந்தது. நூறு வருஷத்துல 120 அடிக்கு வந்துடுச்சு. தடுப்புச் சுவர் கட்டலாம், மணல் கொட்டலாம்னு வருஷக்கணக்கா சண்டை. கடைசியில 1999ல, 4,800 டன் செங்கல் கோபுரத்தைத் தண்டவாளம் மேல ஏத்தி, 23 நாள்ல 2,900 அடி உள்ளே தள்ளிட்டாங்க. இன்னும் நிக்குது. ரோட்டுக்கும் அதே யோசனைதான். ரோடந்திக்கு வடக்கே அரிச்சுப் போற இடத்தை விட்டுட்டு, காயலுக்கு மேல வளைச்சு ஒரு பாலம் கட்டினாங்க. 2022ல திறந்தாச்சு.

அப்போ மணல்மேடே வேண்டாமா? வேணும். என் கணக்குல, புல்லு நட்டு, தாழ்வா, அங்கங்கே அலை தாண்டிப் போக இடம் விட்டு, பின்னாடி காலி நிலம் இருக்கிற இடத்துல மேட்டை வளர்க்கிறது உண்மையான மீட்பு. ரோட்டையும் ஸ்விம்மிங் பூலையும் காக்க ஒட்டி ஒட்டி உசத்துறது வெறும் சுவர், மணல்ல கட்டின சுவர்.

2023ல பார்க் சர்வீஸ் ரோடந்தியில சின்னதா ஒரு காரியம் செய்தது. விழப்போற நிலையில இருந்த ரெண்டு வீடுகளை ஏழு லட்சம் டாலருக்கும் மேல கொடுத்து வாங்கி, கடல் எடுக்கிறதுக்கு முன்னாடியே பிரிச்சு எடுத்துட்டாங்க. செப்டிக் டேங்க் உட்பட. அந்த மனை இப்போ பொதுக் கடற்கரை. யார் வேணாலும் போய் நிக்கலாம். இன்னும் வரிசையில நிக்கிற மத்த வீடுகளை வாங்க யார் பணம் போடுவாங்கன்னு அங்கே பேச்சு ஓடிக்கிட்டிருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.