தாயார் பேரில் ஒரு கேக்

(மஹல்லா குடும்பங்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஒரு கேக்கைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்களைக் கூட்டியிருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். எங்களுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவின் ஒரு சகோதரி அறக்கட்டளைக்கு வந்தார். அவருடைய தாயார் புற்றுநோயில் மவுத்தாகி ஒரு வருடம் நெருங்கியிருந்தது. அந்த அம்மா பெருநாள் தவறாமல் குண்டானில் மணல் பரப்பி, மேலே தட்டு வைத்து மூடி, கேக் சுட்டுத் தெருவுக்கே கொடுத்தவர். "வருஷ பாத்திஹாவுக்கு ஊருக்குச் சாப்பாடு போடச் சொல்றாங்க பாய். கடன் வாங்காம முடியாது. அம்மா சுட்ட கேக்கையே நான் சுட்டு வித்து, அந்தக் காசை அவங்க பேர்ல நோயாளிங்களுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

நாங்கள் உடனே சரி என்று சொல்லவில்லை. நிர்வாகக் குழுவில் ஒருவர், கேக் பிறந்தநாள் பழக்கமாயிற்றே, மவுத்தானவர் பேரில் எதற்கு என்றார். இன்னொருவர், மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்றார். முதல் கேள்விக்கு விழுப்புரம் பக்கத்து முட்டை மிட்டாயே பதில். முட்டை, கோவா, சர்க்கரை, நெய் சேர்த்து வேகவைத்த அதை நாம் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், யாரும் கேள்வி கேட்டதில்லை. இரண்டாவது கேள்வியைத்தான் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனோம்.

அவர் எங்களுக்கு ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களை நினைவூட்டினார். ஸஅத் வெளியூரில் இருந்தபோது அவருடைய தாயார் இறந்துவிட்டார்கள். தாயார் சார்பாகத் தருமம் செய்தால் அது அவர்களுக்குப் பயன் தருமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார். ஆம் என்று பதில் கிடைத்ததும், மிக்ராஃப் என்ற தம் தோட்டத்தையே தாயார் பேரில் தருமமாக்கிவிட்டார். புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது. தோட்டம் உள்ளவர் தோட்டம் கொடுத்தார். கைப்பக்குவம் மட்டும் உள்ளவர் அதைக் கொடுக்கக் கூடாதா?

மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அந்த வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் தம் வீட்டாரிடம் சொன்னார்கள். அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே காரணம். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. மய்யித் வீட்டுக்காரர் அழுதுகொண்டே அண்டா வாடகைக்கும் ஆட்டுக்கறிக்கும் அலைகிறார். நாற்பதாம் நாள் பிரியாணிக்காக முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அது கழியும்வரை வேறு இடத்துக்குத் தறி மாற முடியாமல் கிடந்த ஒரு பிள்ளையை எங்களுக்குத் தெரியும். அந்தப் பிரியாணியில் நாங்களும் சாப்பிட்டோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சில் நேர்மை இல்லை. பாத்திஹா ஓதுவது பற்றி இங்கே விவாதம் இல்லை, அது ஆலிம்கள் விஷயம். கடன் வாங்கி ஊருக்குச் சோறு போடுவதைப் பற்றித்தான் சொல்கிறோம்.

இறந்தவர் நினைவு உயிரோடிருப்பவருக்கு உதவியானதற்கு வேறு இடங்களிலும் சான்று உண்டு. தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த வேதனையை விடாமல் சுமந்து, 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். இங்கிலாந்தில் டக்ளஸ் மேக்மில்லன் என்பவர் 1911ல் தந்தையைப் புற்றுநோய்க்கு இழந்து ஒரு நிவாரணச் சங்கம் அமைத்தார். அதன் பேரில் 1990 முதல் வருடந்தோறும் காபியும் கேக்கும் வைத்துக் காசு திரட்டுகிறார்கள். இறந்துபோன அம்மாவுக்கோ கணவருக்கோ பிடித்த கேக்கைச் சுட்டுக் கொண்டுவருபவர்கள் அதில் உண்டு. இன்னும் கிட்டத்தில், காஷ்மீர் சோப்பூர் பக்கம் 2024ல் பள்ளிவாசல் கட்ட ஓர் ஏழை கொடுத்தது ஒரே ஒரு முட்டை. ஏலம் எடுத்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பள்ளிக்கே கொடுத்துவிட, கடைசியில் இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது.

சரி, நம் கதைக்கு வருகிறோம். சகோதரி ஒன்பது கேக் சுட்டார். ஒன்று நடுவில் அமுங்கிப்போனது, அது மதரஸா பிள்ளைகளுக்குப் போனது (அவர்கள் இன்னொன்றும் அமுங்காதா என்று கேட்டார்களாம்). மீதி எட்டில் 160 துண்டுகள், துண்டு 40 ரூபாய். 6,400 வரவேண்டிய இடத்தில் 8,150 வந்தது, சில்லறை வேண்டாம் என்றவர்கள் புண்ணியத்தில். மாவு, முட்டை, நெய் எல்லாம் சகோதரியின் சொந்தச் செலவு.

சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, இந்தப் பணம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஆரணி ரோடு ஸ்டேஷனில் ரயிலேறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும். இருவருக்கும் சாப்பாடு, சில நாள் தங்க ஓர் அறை. தறியை விட்டு எழுந்த நாளுக்குக் கூலியும் கிடையாது. காப்பீட்டு அட்டை இந்தச் செலவையெல்லாம் தருவதில்லை. வழிச்செலவு இல்லாமல் அடுத்த தேதிக்குப் போகாமலே நின்றுவிட்டவர்கள் இந்த மஹல்லாவில் இருக்கிறார்கள். அந்த 8,150 ரூபாயில் இரண்டு குடும்பங்கள் போய்வந்தன. பெயர் சொல்ல மாட்டோம், நீங்களும் கேட்காதீர்கள்.

இனிமேல் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கேக்தான் என்றில்லை, சமோசா, அதிரசம், மவுத்தானவர் கை எதில் பேர்போனதோ அது. மெழுகுவத்தி, போட்டோ எதுவும் வேண்டாம். காசு கொடுத்துப் பண்டம் வாங்குவதால் இதை ஜகாத் கணக்கில் யாரும் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனி ரசீதுப் புத்தகம் இருக்கிறது. வரவு செலவை அடுத்த ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவிடுவோம். சாமான் வாங்கவும் கடன் வாங்காதீர்கள். முடியாதவர்கள் சொன்னால், இரண்டு மூன்று வீட்டைச் சேர்த்துவிடுகிறோம்.

அடுத்த மாதத்துக்கு ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார், தம் மாமியார் பேரில் தேங்காய் பிஸ்கட். அவருக்குப் பெரிய தட்டு நான்கு தேவைப்படுகிறது. வீட்டில் வைத்திருப்பவர்கள் வியாழக்கிழமை அஸருக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடியில் பெயர் எழுதிக் கொடுத்தால் தட்டு மாறாமல் திரும்ப வரும்.