டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி



முட்டிவலி உள்ள பெரியவங்களுக்காக இப்போ கிராமத்து வீடுகளிலும் சுவரில் பொருத்துற வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கிறோம். அடியில் துடைக்கச் சுலபம். ஆனால் தண்ணீர்த் தொட்டி சுவருக்குள்ளே மறைஞ்சிடும். அதனால் கொத்தனார் டைல்ஸ் ஒட்டும் முன் மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, உட்காருறவங்க பாரத்தைத் தாங்குறது உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம். அதன் கால்கள் கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுகியிருக்கணும்.

ரெண்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்க. ஈரம் இருக்கக் கூடாது.

மூணு, ஃபிளஷ் பட்டன் தகடு கழற்றி மாட்டுற மாதிரி இருக்கணும். பின்னாடி வால்வு, வாஷர் மாத்த அதுதான் வழி. அந்த வழியை சிமெண்ட் பூசி அடைக்க விடாதீங்க.

வேலை நடக்கும்போது வீட்டில் இருக்கிறது நாமதான். கடன் வாங்கிக் கட்டின சுவரை மறுபடி உடைக்காம இருக்க, நாமே பார்த்துட்டு “இனி ஒட்டுங்க”ன்னு சொல்வோம்.