நம்ம கணக்கு நம்ம கண்ணுக்குத் தெரியணும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில், கொள்முதல் குழு சார்பாகப் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டையும் இரண்டு மாட்டையும் பார்த்துக்கொண்டு என் குழுவில் பிரதிநிதியாக இருக்கிறேன். குழுக் கணக்கு ஏற்ற டேப்லெட் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, விசாரித்து வரச் சொல்லி கொள்முதல் குழுவில் என்னையும் சேர்த்தாங்க. போகப்போற பணம் நம்ம பொதுப் பணம். அதனால எதுக்குக் கொடுக்கிறோம்னு எல்லாருக்கும் புரியணும்.

கடைக்காரர் முதலில் சொல்வது அங்குலம். 8.7, 10.1, 11 என்று சொல்வார். அது நீளமும் இல்லை, அகலமும் இல்லை. டி.வி.க்கு அளப்பது போல ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளப்பது. இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். 8.7-க்கும் 11-க்கும் 2.3 அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பார்த்தால், சின்னது சுமார் 33 சதுர அங்குலம், பெரியது சுமார் 54. ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் கூடுது.

இரண்டாவது, ரெசல்யூஷன். திரையில் தெரியும் படம், எழுத்து எல்லாமே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்குப் பேர்தான் பிக்சல். நாம போடுற புள்ளிக்கோலம் மாதிரிதான். அதே வாசலில் ஏழு புள்ளி வைத்தால் பெரிய பெரிய வளைவுதான் வரும். இருபத்தொரு புள்ளி நெருக்கி வைத்தால் நுணுக்கமாக வரும். 1920 × 1200 என்று போட்டிருந்தால் ஒரு பக்கம் 1920 புள்ளி, இன்னொரு பக்கம் 1200 புள்ளி என்று அர்த்தம்.

ஆக, பெரிசா இருப்பது வேற, தெளிவா இருப்பது வேற. பெரிய வாசலில் குறைச்ச புள்ளி வைத்தால் கோலம் பெரிசா இருக்கும், ஆனா நுணுக்கம் இருக்காது. நான் நோட்டில் எழுதி வந்த மூன்றைச் சொல்கிறேன்.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 என்பது 8.7 அங்குலம், 1340 × 800. ஒரு அங்குலத்துக்குச் சுமார் 179 புள்ளி வருது. எடை 332 கிராம்.

லெனோவா டேப் எம்10 எச்.டி. என்பது 10.1 அங்குலம், 1280 × 800. திரை பெரிசு, ஆனா அங்குலத்துக்குச் சுமார் 149 புள்ளிதான்.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் என்பது 11 அங்குலம், 1920 × 1200. சுமார் 206 புள்ளி. எடை 480 கிராம்.

பார்த்தீங்களா, நடுவில் உள்ளது சின்னதை விடப் பெரிசு, ஆனா அதை விடப் பிசிறு. அட்டையில் எச்.டி. என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி முடிவு பண்ணக்கூடாது.

அப்போ புள்ளி அதிகமா உள்ளதையே வாங்கிடலாமே என்று கேட்கலாம். புள்ளிக்கும் செலவு உண்டு. 2011-ல் வந்த ஐபேட் 2-ல் 9.7 அங்குலத் திரை, 1024 × 768 புள்ளி. அடுத்த வருஷம் 2012-ல் வந்ததில் திரை அதே அளவு, புள்ளி 2048 × 1536, அதாவது நாலு மடங்கு. அத்தனை புள்ளிக்கும் வெளிச்சம் கொடுக்க 25 வாட்-ஹவர் இருந்த பேட்டரியை 42.5 ஆக்கினாங்க. கனமும் 601 கிராமில் இருந்து 652 ஆச்சு. இவ்வளவு செய்தும் கம்பெனி சொன்ன நேரம் முன்னே மாதிரி 10 மணி நேரம்தான். அதே 2012-ல் ஐபேட் மினியும் வந்தது. 7.9 அங்குலத்தில் பழைய 1024 × 768 புள்ளியே. எடை 308 கிராம்தான், கைக்கு லேசு. ஆனா அதே பக்கத்தை சின்னத் திரையில் அடைத்ததால் எழுத்தும் சின்னதாச்சு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் கொடுக்கத்தான் வேணும்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். செயற்குழுவில் சிலர், சின்னதாக வாங்கினால் அதே பணத்தில் எண்ணிக்கை கூடக் கிடைக்கும், பஸ்ஸில் கொண்டுபோகவும் சுலபம் என்று சொன்னாங்க. அது நியாயமான பேச்சுதான். ஆனா நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் திரையைப் பார்க்கப்போவது கணக்காளர் மட்டுமா?

பேரேடு எழுதிய காலத்தில் நோட்டைத் திருப்பி வைத்து, "பாருங்கம்மா, உங்க சேமிப்பு, உங்க கடன், உங்க வட்டி" என்று காட்டுவோம். நம்மில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். வெள்ளெழுத்து வந்தாச்சு. சின்னத் திரையில் 1300-ஆ 1800-ஆ என்று தெரியாவிட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. "நீ சொன்னா சரிதாம்மா" என்று தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. தன் கணக்கைத் தன் கண்ணால் பார்க்காமல் தலையாட்ட ஆரம்பித்தால், நாம குழுன்னு சேர்ந்ததுக்கே அர்த்தம் இல்லை.

செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிசாக்கலாமே என்பீங்க. ஆக்கலாம். ஆனா எழுத்தை இரண்டு மடங்காக்கினால் நீளத்திலும் அகலத்திலும் கூடும், திரையில் முன்பு தெரிந்ததில் கால் பங்குதான் தெரியும். சின்னத் திரையில் பேர் ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கணும். பக்கத்து வரித் தொகையைத் தன்னுடையது என்று நினைக்க வாய்ப்பு இருக்கு. வெள்ளெழுத்துக்கு உதவுவது முதலில் பெரிய எழுத்தும் நல்ல வெளிச்சமும்தான். அதுக்கு மேலே கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத அளவு புள்ளிக்குப் பணம் கொடுப்பது நமக்கு வீண்.

அதனால் என் கருத்து இது. கூட்டத்தில் உறுப்பினருக்குக் கணக்குக் காட்டும் டேப்லெட் 11 அங்குலமாக இருக்கட்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. 148 கிராம் கூடுதல் கனம், ஒரு டம்ளர் தண்ணீர் அளவுதான். பணம் பத்தாவிட்டால் 10.1 அங்குலமும் மோசமில்லை. எழுத்தைப் பெரிசாக வைத்தால் தொகை நல்லாவே தெரியும். போட்டோ எடுத்த பாஸ்புத்தகப் பக்கம் போலப் பொடி எழுத்தில்தான் பிசிறு தெரியும். கூட்டத்தைப் படம் எடுத்து ஏற்றுவதற்கு மட்டும் என்றால் 8.7 போதும்.

முடிவு எடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை செய்வோம். நம்ம பேரேட்டின் ஒரு பக்கத்தைத் தமிழில் அதில் திறக்கணும். எழுத்தைப் பெரிசாக வைக்கணும். ஒருமுறை வாசல் வெயிலுக்கும் கொண்டுபோகணும். நம்மில் மூத்த அம்மா ஒருவர் கையெட்டும் தூரத்தில் வைத்துத் தன் பேரையும் தொகையையும் யார் உதவியும் இல்லாமல் படிக்கணும். அவங்க படிச்சிட்டா அதையே வாங்குவோம். படிக்க முடியலைன்னா விலை எவ்வளவு குறைச்சலானாலும் வேண்டாம்.