கைகாட்டியும் கணிப்பொறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் இரயில்வே உத்தியோகத்தை நம்பி வந்தவை பல. ரேணிகுண்டா, பாகாலா, காட்பாடி என்னும் பெயர்களைக் கேட்டே நம் பிள்ளைகள் வளர்ந்தனர். அவர்களுட் பலர் இன்று கணிப்பொறித் துறையில் புகுந்துள்ளனர். தந்தையின் தொழில் மைந்தனுக்கு விளங்குவதில்லை. மைந்தன் தொழில் தந்தைக்கு விளங்குவதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி எழுத்தராக அமர்ந்த நமக்கும் அந்நிலையே இருந்தது. காலனி இளைஞர்களோடு சில மாலைப் பொழுதுகள் அமர்ந்து கேட்ட பின்னர், இரு தொழிலுக்கும் பொதுவான பொருள் ஒன்று இருக்கக் கண்டோம். அதுவே சிக்னல். நம் மக்கள் அதற்கு இட்ட அழகிய பெயர் கைகாட்டி.

முதலில் ஒரு சிறு விளக்கம். கணிப்பொறிக்கு இட வேண்டிய கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் அமைப்பில் வளர்ந்தது இம்முறை. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அதே வழியைப் பின்பற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் வண்டி எண் போல ஓர் எண் உண்டு. அவ்வேலைக்கு இடையே ஒரு செய்தி சொல்ல வேண்டுமாயின், அந்த எண்ணைக் குறித்துச் சிக்னல் அனுப்ப வேண்டும். அனுப்பும் கட்டளையின் பெயர் 'கில்'. பெயர் கொலை, தொழிலோ தூது. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

தூதிலும் வகைகள் உண்டு. 1-ஆம் எண், தொலைபேசித் தொடர்பு அறுந்ததை அறிவிக்கப் பிறந்தது. 2-ஆம் எண், விசைப்பலகையில் கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தும்போது செல்வது. 'நிறுத்துக' என்பது அதன் பொருள். 15-ஆம் எண், 'வேலையை ஒழுங்காக முடித்து விடைபெறுக' என்னும் வேண்டுகோள். எண் குறிக்காமல் 'கில்' என்று கட்டளையிட்டால் இதுவே செல்லும். 9-ஆம் எண் வேண்டுகோளன்று. அதைப் பெறும் வேலைக்கு ஒரு சொல் பேசவும் அவகாசம் இல்லை. அமைப்பே அதனை அக்கணம் முடித்துவிடும்.

இதை இரயில்வே மொழியில் கூறுவோம். கைகாட்டி சிவப்பாயிருந்தால் ஓட்டுநர் கண்டு நிறுத்துகிறார். அது 15-ஆம் எண் போன்றது. காண்பவர் கடமையை நம்பியிருப்பது. நம் நாட்டில் உருவாக்கப்பட்டு, 2020-இல் தேசியப் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்ட 'கவச்' வேறு வகை. ஓட்டுநர் சிவப்பைக் கடக்க முற்பட்டால் அது தானே பிரேக்கைப் போடும். அது 9-ஆம் எண்ணுக்கு ஒப்பு. 2023 அக்டோபர் 29 அன்று இதே ஆந்திர மாநிலத்தில் கண்டகாபள்ளி அருகே இரு பயணி வண்டிகள் மோதி 14 பேர் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. கைகாட்டியைக் காட்டினால் மட்டும் போதாது. கண்டவர் அதன்படி நடக்கவும் வேண்டும்.

கணிப்பொறியில் அவ்வாறு நடப்பதற்கான கட்டளை 'டிராப்' எனப்படும். 'இன்ன சிக்னல் வந்தால் இன்னது செய்' என்று ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே எழுதி வைப்பது அது. தற்காலிகக் கோப்புகளை அழி, திறந்த கணக்கை மூடு, பிறகு வெளியேறு என்று கூறலாம். டிராப் எழுதாத ஸ்கிரிப்டுக்கு 15-ஆம் எண் வந்தாலும் அது அப்படியே மடிந்துவிடும். மற்றொரு புறம், 'எந்தச் சிக்னல் வந்தாலும் கண்டுகொள்ளாதே' என்றும் டிராப்பில் எழுதலாம். அப்படி எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்கு நிகர். அத்தகைய வேலையை நிறுத்த 9-ஆம் எண்ணைத் தவிர வேறு வழியிராது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாதையில் தடை ஏற்பட்டால், அகலப்பாதையில் 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடியும், 1200 மீட்டர் தொலைவில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தின் மேல் வைக்கின்றனர். ஏன் அவ்வளவு தொலைவு? ஓடும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. ஷெல்லும் அத்தகையதே. நீண்ட வேலை ஒன்றை முன்னிறுத்தி அது முடியக் காத்திருக்கும் ஷெல்லுக்குச் சிக்னல் அனுப்பினால், அவ்வேலை முடிந்த பின்னரே டிராப்பில் எழுதியது நடைபெறும். உடனே நடக்க வேண்டுமாயின், நீண்ட வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, 'வெயிட்' என்னும் கட்டளையால் காத்திருக்க வேண்டும். சிக்னல் வந்ததும் வெயிட் கலைந்துவிடும், டிராப் செயற்படும். பின்னணி வேலைக்கும் செய்தியைச் சேர்ப்பிப்பது அப்போது டிராப்பின் கடமை.

இவையெல்லாம் நமக்கெதற்கு என்று தாய்மார்கள் வினவலாம். நம் சங்கத்தில் நேர்ந்ததையே கூறுவோம். முதியோர் உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் கணிப்பொறியில் ஏறியிருந்தது. அதனை நாள்தோறும் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட், பழைய பட்டியலைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே புதியதை எழுதுவது. ஒரு நாள் மின்சாரம் நின்றது; பாட்டரியும் தீரும் தறுவாயில் இருந்தது. பொறியை விரைந்து மூடும் பரபரப்பில் 9-ஆம் எண் அனுப்பப்பட்டது. பட்டியல் பாதியில் நின்றது. அகர வரிசையில் 'ம' எழுத்துக்குப் பின் வரும் பெயர் ஒன்றும் இல்லை. அம்மாதம் அவர்களுக்கு உதவி செல்லவில்லை. அவர்களுள் மூதாட்டியார் ஒருவர், கேட்க நாணி, இரு வாரம் மருந்து வாங்காமலே இருந்துவிட்டார். பழைய நோட்டுப் புத்தகத்தைக் கண்டெடுத்த பின்னரே விடுபட்ட பெயர்கள் மீண்டும் கிடைத்தன. ஓர் எண்ணின் பின்னே ஓர் உயிர் நின்றதைப் பாருங்கள்!

9-ஆம் எண்ணை எந்த டிராப்பும் தடுக்காதே, பிறகு காப்பது எங்ஙனம்? விடை பழைய கைகாட்டி மரத்திலேயே உள்ளது. கீழ்நோக்கித் தாழும் கைகாட்டிக்கு எதிர் எடை ஒன்று உண்டு. இழுக்கும் கம்பி அறுந்துபோனால் அவ்வெடை கையைத் தானே கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். கிடைமட்டம் என்றால் 'நில்'. இரவில் விளக்கு அணைந்திருந்தாலும் நில் என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. கம்பி அறாது என்று எவரும் நம்பவில்லை. அறுந்தாலும் தீங்கு நேராதபடி அமைத்தனர்.

ஸ்கிரிப்டையும் அவ்வாறே அமைக்கலாம். புதிய பட்டியலை வேறொரு பெயரில் முழுமையும் எழுதி முடித்து, அதன் பின்னர் ஒரே கட்டளையால் பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். இரு கோப்புகளும் வட்டின் ஒரே பகுதியில் இருந்தால் அம்மாற்றம் ஒரே அடியில் நிகழும். வேலை நடுவில் கொல்லப்பட்டால் பழைய பட்டியல் பழுதின்றி நிற்கும். நம் சங்க ஸ்கிரிப்ட் இப்பொழுது இவ்வாறே திருத்தப்பட்டுள்ளது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டியவை மூன்று. நிறுத்த வேண்டுமாயின் முதலில் 15-ஐ அனுப்புங்கள், சற்றுப் பொறுங்கள், அதன் பின்னரே 9-ஐ நாடுங்கள். லினக்ஸ் பொறிகள் பலவற்றில் சிஸ்டம்டி என்னும் அமைப்பு, வேறு ஏற்பாடு இல்லாதபோது, 90 விநாடி பொறுத்தே 9-ஐ அனுப்புகிறது. பொறிக்கே அத்தனை பொறுமையென்றால் நமக்கு வேண்டாவோ? இரண்டாவது, முடிவைப் படித்தறியுங்கள். சிக்னலால் மடிந்த வேலைக்கு ஷெல் தரும் எண், 128-உடன் அச்சிக்னலின் எண்ணைக் கூட்டி வருவது. 143 என்றால் 15-ஆல் முடிந்தது. 137 என்றால் 9-ஆல் முடிந்தது. மூன்றாவது, கம்பி அறும் நாளை எண்ணியே ஸ்கிரிப்டை எழுதுங்கள்.

பெரியோர்களே! உங்கள் மைந்தர் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும்போது அருகில் சென்று, 'கைகாட்டி சரியாக இருக்கிறதா, அப்பா?' என்று ஒருமுறை கேளுங்கள். அவர் வியந்து நிமிர்ந்து பார்ப்பார். பின்னர் உங்களுக்கு விளக்கத் தொடங்குவார். வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்தாலும், எத்தொழிலையும் வீட்டுக்குள் தமிழில் பேசிக்கொள்ள இயலும் என்பது அன்று உங்களுக்கே விளங்கும்.