பத்துமலையும் இடும்பன் சுமந்த காவடியும்



பிரிக்பீல்ட்ஸ் வட்டார முருகனடியார்களுக்குத் தைப்பூசம் என்றதும் நினைவில் எழுவது பத்துமலைத் திருத்தலமே. பழம்புராணங்கள் எவற்றிலும் இத்தலத்தின் பெயர் இல்லை. பாடல் பெற்ற தலமும் அன்று. அவ்வாறிருக்க, இக்குன்று புண்ணியத் தலமாக விளங்குவது எதனால்? இவ்வினாவிற்குப் பழனித் தலவரலாறே விடை தருகின்றது.

அகத்திய மாமுனிவர், சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் கயிலையிலிருந்து பொதிகைக்குக் கொண்டுவருமாறு இடும்பனைப் பணித்தார். அவன் பிரம்மதண்டத்தைத் தண்டாகவும் நாகங்களை உறியாகவும் கொண்டு குன்றுகளைச் சுமந்து வந்தான். திருவாவினன்குடியில் இளைப்பாற இறக்கி வைத்தவன், மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. குன்றின்மேல் கோவணம் உடுத்து, கையில் தண்டேந்திய சிறுவன் ஒருவன் நின்றான். அவனை முருகன் என்றறியாது போரிட்ட இடும்பன் மாண்டு வீழ்ந்தான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்ட, பெருமான் அவனை உயிர்ப்பித்தருளினார். தன்னைப்போல் காவடி சுமந்து வருவோர்க்கு அருள்புரிய வேண்டும் என்பதே இடும்பன் கேட்ட வரம். இன்றும் பழனி மலைப்பாதையில் இடும்பனுக்குத் தனிச் சன்னதி உண்டு.

ஆக, பழனிக்குன்றே பிறிதோரிடத்திலிருந்து சுமந்து வரப்பட்டதாகும். அவ்வாறே, கடல் கடந்து வந்து தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும் இரயில் பாதை அமைத்தவர்களும் முருகனைத் தம் நெஞ்சில் சுமந்து வந்தனர். வேல் வடிவில் தோன்றிய குகைவாயிலைக் கண்டு தம்புசாமிப் பிள்ளை வழிபாட்டிற்கு வித்திட்டார் என்பர். 1892ஆம் ஆண்டில் அங்குத் தைப்பூச விழா தொடங்கிற்று. 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவையே 272 கற்காரைப் படிகளாயின. 2006ஆம் ஆண்டில் 140 அடி உயர முருகன் திருவுருவம் எழுந்தது.

படிகள் பெருகின; புகழும் பெருகிற்று. ஆனால், காவடியின் உட்பொருள் பெருகிற்றா என்பதே சிந்தித்தற்குரியது. இடும்பன் பெருமை பெற்றது குன்றைத் தூக்கிய வலிமையால் அன்று. அவ்வலிமை தோற்ற இடத்தில் பணிந்தமையால்தான். விரதமின்றி, ஆரவாரத்திற்காகவும் பிறர் வியப்பதற்காகவும் எடுக்கப்படும் காவடி, இடும்பன் தோற்பதற்கு முன் சுமந்த காவடியே. சிறு பாற்குடமேயாயினும் தூய உள்ளத்தோடு ஏந்தி ஏறும் மூதாட்டியின் நேர்த்திக்கடன், அவன் பணிந்தபின் வேண்டிய வரத்தின் நிறைவாகும்.

முன்னோர் சுமந்து வந்த பக்தியே குன்றைக் கோயிலாக்கிற்று. பணிவு குறையின் எஞ்சுவது வெறும் கல்லும் படியுமே. காவடியைத் தோளில் ஏற்றுமுன், அதன் கதையைப் பிள்ளைகளின் செவியில் ஏற்றுவது பெற்றோர் கடமையாகும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!